பேனலின் முதுகு

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்து, "அண்ணாச்சி, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிட்டாங்க. நீங்க உங்க தொழிலைப் பத்தி எழுதுங்க. இப்பப் படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகமா இருக்கும்" என்றார். நல்லதாய்ப் போயிற்று. மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத எனக்கும் புதிதாக ஒன்றும் இல்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தது, பெரிய இயந்திரங்களின் அதிர்வையும் அசைவையும் கண்காணிக்கும் கருவிகளின் வேலை. அதிலும் பாதிக் காலம் கருவிக்கு முன்னால் அல்ல, பின்னால்! கண்ட்ரோல் ரூமுக்கு வரும் மந்திரியும் மாணவரும் பார்ப்பது பேனலின் முகத்தை. பளபளவென்று மீட்டர், பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. அதன் முதுகுப் பக்கக் கதவைத் திறந்தால் ஆயிரக்கணக்கான கம்பிகள் வந்து இறங்கும் டெர்மினல் வரிசைகள். முகம் பொய் சொல்வதும் உண்மை சொல்வதும் அந்த முதுகில்தான் தீர்மானம் ஆகிறது. அந்த முதுகு நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் விளாத்திகுளம். எங்கள் பக்கம் இயந்திரம் என்று முதலில் வந்தது கமலைக்குப் பதிலாகக் கிணற்று மேட்டில் உட்கார்ந்த ஆயில் என்ஜின். அதற்கு மானிட்டரிங் சிஸ்டம் மனிதனின் காதுதான். "சத்தம் மாறுதே, என்னமோ சரியில்லையே" என்று அரைப் பர்லாங்கு தள்ளி உழுதுகொண்டிருக்கிறவர் சொல்லிவிடுவார். கோவில்பட்டி மில் பிட்டர்கள் இன்னும் ஒரு படி மேலே. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங்கின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். வைத்தியரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி. சாகித்தியமே இல்லாமல் ராக ஆலாபனையில் மணிக்கணக்காகச் சபையைக் கட்டிப்போட்ட விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகள் பிறந்த மண் அல்லவா, காதுக்குப் பஞ்சமா!

ஆனால் காதுக்கு எல்லை உண்டு. நல்ல பிட்டர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டால் காதும் கூடவே போய்விடுகிறது. அடுத்தவருக்கு அதை எழுதிக் கொடுக்க முடியாது. "எவ்வளவு அதிர்ந்தால் ஆபத்து?" என்பதை எண்ணாகச் சொல்ல முயன்றவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ராத்போன். 1939இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், இத்தனை வேகத்தில் இத்தனை அதிர்வு என்றால் நல்லது, இத்தனை என்றால் கவனி, இத்தனை என்றால் நிறுத்து என்று வரைபடமாகப் போட்டுக் காட்டினார். இன்றைக்கு இருக்கும் தர நிர்ணயங்களுக்கெல்லாம் அவரைத் தாத்தா என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் காலத்துக் கருவிகள் பேரிங்கின் வெளிக்கூட்டின் மேல் உட்கார்ந்து அளந்தன. பெரிய டர்பைனில் இதற்கு ஒரு சங்கடம் உண்டு. வெளிக்கூடு பல டன் கனம். உள்ளே எண்ணெய்ப் படலத்தின் மேல் சுற்றுகிற தண்டு நன்றாக ஆடினாலும் வெளியே கொஞ்சம்தான் தெரியும். தண்டையே நேராகப் பார்க்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுவதைத் தொட்டால் தொட்டது தேய்ந்துபோகும்.

இதற்கு நடைமுறையில் வழி செய்தவர் டொனால்ட் பென்ட்லி. 1956இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொழில் தொடங்கி, 1961இல் நெவாடா மாநிலத்தின் மிண்டன் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தார். பென்ட்லி நெவாடா என்ற பெயர் அப்படி வந்தது. டிரான்சிஸ்டர் புதிதாக வந்திருந்த காலம். விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழலின் நுனியில் கம்பிச் சுருள். அதில் மிக அதிக அதிர்வெண்ணில் மின்சாரம் ஓடும். எதிரே இரும்புத் தண்டு நெருங்கினால், அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சுருளின் சக்தியைக் கொஞ்சம் தின்னும். நெருங்க நெருங்க அதிகம் தின்னும். எவ்வளவு தின்றது என்பதை வோல்ட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் மாறினால் 7.87 வோல்ட் மாறும். பிற்பாடு உலகம் முழுவதும் இந்தக் கணக்கே நிலைத்தது.

இந்தச் சென்சாரின் சின்னப் பெட்டியிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போவது மூன்றே கம்பி. ஒன்று மைனஸ் 24 வோல்ட் சப்ளை, ஒன்று காமன், ஒன்று சிக்னல். மூன்றையும் போர்த்தி ஒரு ஸ்கிரீன். மூன்று கம்பியும் ஒரு போர்வையும், அவ்வளவுதான். என் உத்தியோக காலம் முழுவதும் இந்த நான்கோடுதான் கழிந்தது.

1976இல் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் 670 என்ற எண்ணில் ஒரு தர நிர்ணயத்தை வெளியிட்டது. தண்டைத் தொடாமல் அதிர்வையும் அச்சு நகர்வையும் கண்காணிக்கும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுதான் சட்டப் புத்தகம். தூத்துக்குடியைப் பாருங்கள். 1975இல் ஸ்பிக் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பக்கத்திலேயே கனநீர் ஆலை 1978இல் வந்தது. அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகளில் முதலாவது 1979இலும், அடுத்தவை 1980இலும் 1982இலும் ஓடத் தொடங்கின. மீதி இரண்டு 1991, 1992இல். உலகம் இந்தத் தொழிலுக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பருத்தியும் மிளகாயும் கம்பும் தவிர வேறு தெரியாத எங்கள் பையன்கள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சான்றிதழோடு பஸ் ஏறிப் போய் அந்தக் கேபிள்களை இழுத்தார்கள். 'டர்போவைசரி' என்ற வார்த்தையை அவர்கள் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஏதோ புது வியாதி என்று நினைத்தார்கள்.

இனி முதுகுக்கு வருகிறேன்.

கண்ட்ரோல் ரூம் பேனலுக்குப் பின்னால் ஆள் ஒருவர் நடக்கும் அளவுக்குச் சந்து இருக்கும். அடியில் கேபிள் கேலரி. அங்கிருந்து கேபிள்கள் கிளாண்ட் வழியாக மேலே ஏறி, உறை உரிக்கப்பட்டு, ஒவ்வொரு கம்பியும் தன் டெர்மினலில் போய் உட்காரும். ஒவ்வொன்றின் கழுத்திலும் பெரூல் என்கிற எண் வளையம். மானிட்டர் ரேக்கின் முகத்தில் செருகும் அட்டையை அரை நிமிஷத்தில் உருவி வேறு மாட்டலாம். முதுகில் உள்ள கம்பியை அப்படி மாற்ற முடியாது. ஆகவே கருவி செய்கிறவர்களே புத்திசாலித்தனமாக இரண்டையும் பிரித்தார்கள். சிந்திக்கிற அட்டை முன்னால், கம்பி வந்து சேருகிற அட்டை பின்னால். முன்னால் உள்ளதைக் கழற்றினாலும் பின்னால் ஒரு கம்பியும் அசையாது. 1990களின் நடுவில் வந்த 3500 வரிசையிலும் இதே ஏற்பாடுதான்.

டெர்மினலுக்கே ஒரு சரித்திரம் உண்டு. வேண்டிய எண்ணிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் கோத்துக்கொண்டே போகும் டெர்மினலை 1928 வாக்கில் ஜெர்மனியின் பீனிக்ஸ் கம்பெனி, அங்குள்ள மின்சாரக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து உருவாக்கியது. நம் நாட்டில் பிற்பாடு 'எல்மெக்ஸ்' என்ற கம்பெனிப் பெயரே டெர்மினலுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. "நாலு எல்மெக்ஸ் எடுத்துட்டு வாப்பா" என்றால் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எடுத்து வருவார்கள். திருகாணி வைத்து இறுக்குகிற டெர்மினலுக்கு ஒரு குறை உண்டு. அதிர்விலும் சூட்டிலும் செம்பு மெல்ல நசுங்கிப் பிடி தளரும். அதனால் வருஷாந்திர ஷட்டவுனில் ஒவ்வொரு திருகையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இதற்கு மாற்றாக, ஸ்பிரிங்கே கம்பியைக் கவ்விக்கொள்ளும் டெர்மினலை 1977இல் கொண்டுவந்தது ஜெர்மனியின் வாகோ. அந்தக் கம்பெனி இருக்கும் ஊரின் பெயர் என்ன தெரியுமா? மிண்டன்! நெவாடாவில் உள்ள மிண்டன், இந்த ஜெர்மன் மிண்டனின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். சென்சார் ஒரு மிண்டனிலிருந்தும் டெர்மினல் இன்னொரு மிண்டனிலிருந்தும் புறப்பட்டு வந்து, நம்ம பக்கத்துப் பையன் கையில் சந்தித்துக்கொண்டன. எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

கம்பி சேர்க்கிற வேலையைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் உண்டு. டிசைன் செய்தவர் பெரிய ஆள், புரோகிராம் போட்டவர் பெரிய ஆள், டெர்மினேஷன் செய்தவர் கான்ட்ராக்ட் ஆள்! எனக்கு இந்தக் கணக்கில் சம்மதம் இல்லை. ஏன் என்பதற்கு ஒரு எண்ணைப் போட்டுக் காட்டுகிறேன்.

தண்டு 50 மைக்ரான் ஆடுகிறது என்று வையுங்கள். தலைமுடியின் பருமனை விடக் குறைவு. அதற்குச் சென்சார் தருவது சுமார் 0.39 வோல்ட். வழியில் எங்கேயோ 0.1 வோல்ட் மின்சார இரைச்சல் ஏறிவிட்டால், மீட்டரில் 13 மைக்ரான் பொய் சேர்ந்துவிடும். அது மட்டுமா? நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலை. நம் நாட்டு டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று, அதாவது விநாடிக்கு 50. இரண்டும் ஒன்றே! ரோட்டர் ஒரு பக்கம் கனத்துச் சமநிலை தப்பினாலும் அதிர்வு 50இல் வரும். கம்பியில் மின்சார இரைச்சல் ஏறினாலும் 50இல்தான் வரும். ரோட்டரின் வியாதியும் கம்பியின் வியாதியும் ஒரே முகத்தோடு நிற்கும். இதைப் புரிந்துகொள்ளாத நிபுணர் டர்பைனைத் திறக்கச் சொல்லுவார்.

அப்படி ஒன்று நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தெற்கத்திச் சீமையில் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். ஒரு பேரிங்கில் அதிர்வு நாளுக்கு நாள் கூடியது. பெரிய பம்பு மோட்டார் ஓடும்போது இன்னும் கூடியது. "ரோட்டரை வெளியே எடுத்து பேலன்ஸ் பண்ணணும்" என்று முடிவாகி, கிரேனுக்கும் சொல்லி, டர்பைனை நிறுத்தியும் விட்டார்கள். எங்களோடு இருந்த மூத்த வயர்மேன் அண்ணாச்சி, சாத்தூர்ப் பக்கத்துக்காரர், எட்டாவதுக்கு மேல் படிக்காதவர், பேனலைப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்டு அசையாமல் நின்று ஒரு மணி நேரம் ஆகியும் மீட்டர் இருபத்தைந்து மைக்ரான் காட்டிக்கொண்டிருந்தது. "நின்ன மாடு எப்படிய்யா குலுங்கும்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பின்பக்கக் கதவைத் திறந்து அந்தச் சேனலின் ஸ்கிரீனை டெர்மினலிலிருந்து கழற்றி, பூமியோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தோம். இருக்கவே கூடாது. ஸ்கிரீனை மானிட்டர் பக்கம் மட்டும்தான் பூமியோடு சேர்க்க வேண்டும், சென்சார் பக்கம் வெட்டி டேப் சுற்றிவிட வேண்டும். இதில் சென்சார் பக்கமும் சேர்த்திருந்தார்கள், 'ரெண்டு எர்த் இருந்தா இன்னும் பாதுகாப்பு' என்ற நல்லெண்ணத்தில்! மேற்கொண்டு பார்த்தால், டர்பைனின் அடியில் கேபிள் இணைப்பின் மேலிருந்த காப்பு உறையும் சூட்டில் வெடித்து, உலோகம் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூமி எல்லா இடத்திலும் ஒரே மட்டம் இல்லை. டர்பைன் அடியில் உள்ள பூமிக்கும் கண்ட்ரோல் ரூம் பூமிக்கும் சில வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், இரண்டு முனையும் கட்டிய ஸ்கிரீன் வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். போர்வையே கள்வன் ஆன கதை. சரிசெய்து டர்பைனை ஓட்டினோம். கிரேன் வந்த வழியே போயிற்று.

இந்தப் பூமி விஷயத்தில் கரிசலுக்குத் தனிக் குணம் உண்டு. அனல் மின் நிலையம் கடற்கரை மணலில் இருக்கிறது. ஆனால் கோவில்பட்டி மில்கள், துலுக்கப்பட்டி ராமசாமிராஜா நகர் சிமென்ட் ஆலை போன்ற உள்நாட்டு ஆலைகள் கரிசலைச் சார்ந்தவை. மழை பெய்தால் கரிசல் ஊதும், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சித்திரை வெயிலில் சுருங்கிக் கைவிரல் போகிற அளவுக்கு வெடிக்கும். எர்த் பிட்டுக்குள் நிற்கும் தகட்டையும் மண்ணையும் பிரித்துவிடும். ஐப்பசியில் சாதுவாக இருந்த மீட்டர் வைகாசியில் சாமியாடுவதற்கு இது ஒரு காரணம். கோடையில் எர்த் பிட்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துப் பட்டணத்து இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். ஏதோ கோவில் சடங்கு என்று நினைப்பு!

பழைய முறையில் எர்த் பிட்டுக்குள் போடுவது அடுப்புக்கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. கரி ஈரத்தைப் பிடிக்கும், உப்பு கடத்தும் தன்மையைக் கூட்டும். கரிக்கு எங்கே போவது? விளாத்திகுளம், புதூர் வட்டாரம் முழுவதும் சீமைக்கருவேல மூட்டம்தானே! மழை பொய்த்தால் விவசாயி கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிறார். உப்புக்குத் தூத்துக்குடி, வேம்பார். ஆக, எங்கள் ஊரின் பஞ்சமும் கடற்கரையின் உழைப்பும் சேர்ந்துதான் அந்த நாளைய கருவிகளுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தன. உப்பு காலப்போக்கில் உலோகத்தை அரித்துவிடும் என்பதால் இப்போது செம்பு பூசிய கம்பியைச் சுற்றி பென்டோனைட் கலவை போடுகிறார்கள். பை பையாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். பென்டோனைட்டில் பெரும்பங்கு மான்ட்மாரிலோனைட் என்ற களிமண் கனிமம். நம் கரிசலை ஊதவும் வெடிக்கவும் வைப்பதும் அதே கனிமக் குடும்பம்தான். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் கரிசல் பொல்லாத மண் இல்லை.

பொய் எச்சரிக்கையால் வரும் உண்மையான ஆபத்து வேறு. ஒரு கம்பி முழுதாக அறுந்துபோனால் பயமில்லை. வோல்ட் எல்லை தாண்டியதும் மானிட்டரே 'நான் சரியில்லை' என்று விளக்கை அணைத்துச் சொல்லிவிடும். அரைகுறையாகத் தளர்ந்த கம்பிதான் பொய் சொல்லும். பொய்க்கு இரண்டு தடவை டர்பைன் நின்று, மேலிடத்திலிருந்து இரண்டு தடவை திட்டு விழுந்தால், மூன்றாவது தடவை ஷிப்டில் இருப்பவர் பைபாஸ் சாவியைத் திருப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த இயந்திரத்துக்குக் காது இல்லை. ரஷ்யாவின் சயானோ சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் எண் டர்பைனின் மூடிப் போல்ட்டுகள் முறிந்து, டர்பைனே பெயர்ந்து எழும்பி, வெள்ளம் புகுந்து 75 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே அதிர்வு அனுமதித்த அளவை மீறியிருந்தது. அது இயந்திரத்தை நிறுத்தவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு பேனலின் முகம் மாறிப்போயிற்று. மீட்டர்கள் போய்த் திரை வந்தது. பென்ட்லி நெவாடாவே 2002இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கைக்கும், பிறகு பேக்கர் ஹியூஸ் கைக்கும் போயிற்று. முதுகு மட்டும் மாறவில்லை. ரேக்கைப் புதிதாக மாற்றும்போதுகூட, செலவைப் பார்த்துப் பழைய கேபிளை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். நாற்பது வருஷத்துக் கம்பியின் நுனியில் இந்த வருஷத்துக் கம்ப்யூட்டர்! இங்கே வருகிற சிக்கல் வரைபடம். எந்தக் கம்பி எங்கே இறங்குகிறது என்பது கட்டும்போது போட்ட டிராயிங்கில் ஒரு மாதிரி இருக்கும், உள்ளே வேறு மாதிரி இருக்கும். இடையில் யாரோ ஒரு ராத்திரி அவசரத்துக்கு மாற்றியிருப்பார். அது அவர் மனசில் மட்டும் இருக்கும். அவர் ரிட்டயர் ஆகும்போது மாலை போட்டு, மோதிரம் போட்டு, வேனில் வீடு வரை கொண்டுபோய் விடுகிறோம். டிராயிங்கைத் திருத்தி வாங்கினோமா? 2025 மார்ச்சில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் தீப்பிடித்துக் கேபிள்கள் எரிந்து மின் உற்பத்தி நின்றது என்று படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெரூல் எண்கள்தான். கம்பியை விலைக்கு வாங்கிவிடலாம்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் இண்டஸ்ட்ரியல் விசிட் போனால், திரையின் முன்னால் நின்று போட்டோ எடுத்த பிறகு, பின்பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூட வருகிற அதிகாரி தயங்கினால், பக்கத்தில் டூல் பையோடு நிற்கிற டெக்னீஷியனைக் கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார். ஒரு மீட்டரைச் சொல்லி அதன் சென்சார் வரை டிராயிங்கிலேயே விரலை வைத்துப் போய்ப் பாருங்கள். எத்தனை இடத்தில் கம்பி இறங்கி ஏறுகிறது, ஸ்கிரீன் எந்த முனையில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். இண்டர்வியூவில் யாரும் கேட்கமாட்டார்கள். வேலையில் முதல் வாரமே கேட்பார்கள்.

1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காட்டில் மின்வாரியம் நட்ட காற்றாலைகள் தமிழ்நாட்டில் முதலாவதாக வந்தவை. இப்போது ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் காடுகளிலும் காற்றாலைகள் நிற்கின்றன. பருத்தி வெடிக்கிற காட்டுக்கு நடுவே, எண்பது தொண்ணூறு மீட்டர் உயரத்தில் கியர் பெட்டியும் ஜெனரேட்டரும். சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது, காற்றாலையில் வேலை பார்க்கும் அக்கா மகனைக் கேட்டேன், "மேலே அதிர்வை எப்படிடா பாக்கீங்க?" என்று. "கியர் பாக்ஸில சென்சார் ஒட்டியிருக்கு மாமா. ரெண்டு ரெண்டு வயரா வந்து மேலேயே ஒரு பெட்டியில இறங்குது. அங்கேருந்து கீழே வர்றது கண்ணாடி இழைக் கேபிள்" என்றான். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. கீழே கரிசல் வெடித்தாலும் ஊதினாலும் அந்த வழியில் இரைச்சல் ஏறாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"மேலே பெட்டிக்குள்ளே ஸ்கிரீனை எத்தனை முனையிலே கட்டியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு முனையிலதான் மாமா. இன்னொரு முனையில டேப் சுத்தியிருக்கு. ஏன் கேக்கீங்க?" என்றான்.

அவனுக்கு அந்த நின்ற மாட்டின் கதையைச் சொல்லி முடிக்க ராத்திரி பத்து மணி ஆயிற்று.